வெல் டெஸ்ட் கணக்கைக் கணினியில் கற்பது: சென்னையில் என்னிடம் அடிக்கடி வரும் கேள்விகள்

சனிக்கிழமை மதியங்களில் சோழிங்கநல்லூரில் ஒரு நண்பரின் அலுவலக அறையில் நாலைந்து பேருக்கு வெல் டெஸ்ட் பகுப்பாய்வு சொல்லித் தருகிறேன். கிணறு ஏதோ ஒரு பாலைவனத்தில் இருக்கும், அதன் வளைகோடு ஓஎம்ஆரில் ஒரு திரையில் ஓடும், எங்கள் ஊரில் இந்த வேலை பெரும்பாலும் இப்படித்தான். வருகிறவர்கள் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள், அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முதலில், வெல் டெஸ்ட் என்றால் என்ன செய்கிறார்கள்?

கிணற்றைக் கொஞ்ச நேரம் ஓடவிடுகிறார்கள், பிறகு மூடுகிறார்கள். அடியில் இறக்கிய கேஜ் இந்த நேரம் முழுக்க அழுத்தத்தைப் பதிவு செய்துகொண்டே இருக்கும். ஓடும்போது அழுத்தம் இறங்குவது டிராடவுன், மூடியபின் ஏறுவது பில்டப். எவ்வளவு வேகத்தில் ஏறுகிறது, எப்போது வேகம் மாறுகிறது என்பதை வைத்து மூன்று விஷயங்களைத் தேடுகிறோம்: பாறை எண்ணெயை எவ்வளவு தாராளமாக விடுகிறது, கிணற்று வாயைச் சுற்றி அடைப்பு உண்டா, தூரத்தில் எங்கேனும் ஓட்டம் முட்டி நிற்கிறதா.

எண்ணெய்க் கிணற்றையே பார்த்ததில்லை, எப்படிப் புரியும்?

போர்வெல் பார்த்திருப்பீர்களே, அது போதும். நிலத்தடி நீருக்காக 1935-ல் சார்லஸ் தைஸ் எழுதிய சமன்பாட்டின் கணிதம்தான் 1951-ல் ஹார்னர் எண்ணெய்க் கிணற்று பில்டப்புக்கு வரைந்த நேர்கோட்டிலும் இருக்கிறது. மோட்டார் போட்டால் நீர்மட்டம் இறங்கும், நிறுத்தினால் ஏறும், ஏறும் விதத்தில் மண்ணின் குணம் தெரியும்.

நான் இதை எங்கள் குடியிருப்பு போரிலேயே செய்து பார்த்தேன். ஒரு ஞாயிறு காலை மேல்தொட்டி நிரம்பியதும், வாட்ஸ்அப் குழுவில் சொல்லிவிட்டு மோட்டாரை நிறுத்தி, அளவு நாடாவோடு இரண்டு வயரைச் சேர்த்துக் கட்டி உள்ளே இறக்கினேன். வயர் நுனி தண்ணீரைத் தொட்டால் மேலே மல்டிமீட்டர் முள் ஆடும், அவ்வளவுதான் கருவி. முதல் பத்து நிமிடம் பத்து நொடிக்கு ஒரு அளவு, பிறகு நிமிடத்துக்கு ஒன்று, பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒன்று. இரண்டாவது மாடி அக்கா வந்து, "ஏம்ப்பா, கிணத்துக்குள்ள போன் விழுந்துடுச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

வரைபடம் போட்டால் முதல் இரண்டு நிமிடத்தில் மட்டம் சரசரவென்று ஏறியிருந்தது, எந்தச் சூத்திரத்திலும் அடங்கவில்லை. மண் அவ்வளவு வேகமாகத் தண்ணீர் தராது. யோசித்துப் பார்த்தால் மோட்டாருக்கு மேலே இருக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு ஒழுகுகிறது, பைப்பில் நின்ற தண்ணீர் அத்தனையும் திரும்ப உள்ளே இறங்கியிருக்கிறது. அதாவது நான் அளந்தது நிலத்தடி நீரை இல்லை, எங்கள் பைப்பை. எண்ணெய்க் கிணற்றிலும் இதற்கு அண்ணன் தம்பி உண்டு. மூடிய குழாய்க்குள் கேஸ் குமிழ்கள் மேலே ஏறி, திரவம் கீழே படிந்து, ஆரம்ப நேரத்தில் அழுத்தத்தில் ஒரு திமில் எழும்பும். அதற்குப் பாறையோடு சம்பந்தமே இல்லை. இந்தத் திமிலுக்கு ரிசர்வாயர் (எண்ணெய் தங்கும் பாறை) மாடல் தேடி ஒரு வாரம் வீணடித்தவர்களை எனக்குத் தெரியும்.

எந்த மென்பொருளில் ஆரம்பிப்பது?

எக்செல். சிரிக்காதீர்கள். பான்சிஸ்டம், காப்பா நிறுவனத்தின் சஃபீர் என்று தொழிலில் புழங்கும் மென்பொருள்கள் இருக்கின்றன, வேலைக்குப் போனால் அவற்றில் ஒன்றைத் தருவார்கள், இரண்டு வாரத்தில் பட்டன்கள் பழகிவிடும். ஆனால் முதல் நாளே அதில் உட்கார்ந்தவர்கள், டெரிவேட்டிவ் (அழுத்தம் மாறும் வேகத்தைக் காட்டும் கோடு) என்பது ஏதோ மெனுவில் பிறந்த பொருள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கையால் ஒரு முறை போட்டவருக்கு அந்தக் குழப்பம் வராது. கல்லூரியில் இருக்கிறீர்கள் என்றால் கல்வி உரிமம் இருக்கிறதா என்று துறையில் கேளுங்கள். யாரோ பென்டிரைவில் தந்த கிராக் வேண்டாம், வைரஸ் ஒரு பக்கம், பாதியில் நின்று போகும் கணக்கு இன்னொரு பக்கம்.

ஒரு எச்சரிக்கை. கேஜ் நொடிக்கு ஒரு புள்ளி பதிந்தால் மூன்று நாளில் 2,59,200 வரிசை, 12 நாளில் 10,36,800. எக்செல் 10,48,576 வரிசையோடு நின்றுவிடும். அதனால் முதலில் புள்ளிகளைக் குறைக்கக் கற்றுக்கொள்ளுங்கள், அதுவும் சீராக இல்லாமல் லாக் (மடக்கை) அளவில்: மூடிய முதல் நிமிடங்களில் நெருக்கமாக, கடைசி நாளில் தாராளமாக. ஆயிரம் புள்ளிக்குள் ஒரு நல்ல பில்டப் அடங்கிவிடும்.

டெரிவேட்டிவ் என்று எல்லோரும் அடித்துக்கொள்வது ஏன்?

அழுத்த வளைகோட்டை மட்டும் பார்த்தால் எல்லாக் கிணறும் ஒன்று போலவே ஏறும். 1983-ல் போர்டே குழுவினர் அழுத்த மாற்றத்தை நேரத்தின் இயல் மடக்கையை வைத்து வகையிட்டு, அதையும் அழுத்தத்தோடு ஒரே லாக்-லாக் தாளில், அதாவது இரண்டு அச்சும் மடக்கை அளவில் உள்ள தாளில், போட்டார்கள். அதன்பின் வேறுபாடுகள் கண்ணுக்கே தெரிய ஆரம்பித்தன. படிக்கும் விதம் இப்படி: ஆரம்பத்தில் இரண்டு கோடும் ஒட்டிக்கொண்டு சாய்வு 1-ல் ஏறினால் அது வெல்போர் ஸ்டோரேஜ், அதாவது குழாயில் நிற்கும் திரவம் அமுங்கும் கதை. பிறகு ஒரு கூம்பு, கூம்பு பெரிதானால் ஸ்கின், அதாவது கிணற்று வாயைச் சுற்றிய அடைப்பின் அளவு, அதிகம். அதன்பின் டெரிவேட்டிவ் தட்டையாக ஓடினால் எல்லாத் திசையிலிருந்தும் ஒரே மாதிரி எண்ணெய் வருகிறது, நமக்கு வேண்டிய பணம் அந்தத் தட்டையில்தான் இருக்கிறது. கடைசியில் அது இரண்டு மடங்கு உயரத்தில் இன்னொரு தட்டைக்குப் போனால் ஒரு பக்கம் ஓட்டம் போகாத பிளவு. சாய்வு அரை என்றால் கால்வாய் மாதிரி நீண்ட மணல், அல்லது ஆரம்பத்திலேயே அரை வந்தால் ஹைட்ராலிக் ஃபிராக்சர் செய்த கிணறு.

எக்செலில் போடுவதும் கஷ்டமில்லை. ஒரு புள்ளிக்கு இடது பக்கச் சாய்வையும் வலது பக்கச் சாய்வையும் எடுத்து, இடதுச் சாய்வை வலது இடைவெளியாலும் வலதுச் சாய்வை இடது இடைவெளியாலும் பெருக்கிக் கூட்டி, மொத்த இடைவெளியால் வகுக்க வேண்டும். பக்கத்துப் புள்ளியையே எடுத்தால் இரைச்சல் தாங்காது, அதனால் மடக்கை அளவில் 0.1 அல்லது 0.2 தள்ளி எடுப்பார்கள். இந்த எண்ணை ஏற்றிக்கொண்டே போனால் கோடு வழுவழுவென்று அழகாகும், அதில் இருந்த செய்தியும் போய்விடும்.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுங்களேன்.

சரி. ஒரு நாளைக்கு 500 பீப்பாய் ஓடிய கிணறு, எண்ணெயின் ஃபார்மேஷன் வால்யூம் ஃபேக்டர் (மேலே ஒரு பீப்பாயாகும் எண்ணெய் அடியில் எத்தனை பீப்பாய் இடம் பிடிக்கிறது என்பது) 1.25, பிசுக்குமை 0.8 சென்டிபாய்ஸ், எண்ணெய் தரும் பாறையின் தடிமன் 40 அடி. டெரிவேட்டிவ் 25 பிஎஸ்ஐ-யில் தட்டையாகிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த அலகுகளுக்கான மாறிலி 70.6-ஐ 500, 1.25, 0.8 ஆகியவற்றால் பெருக்கி 25-ஆல் வகுத்தால் 1412 மில்லிடார்சி-அடி. இதை 40-ஆல் வகுத்தால் 35.3 மில்லிடார்சி, இதுதான் பெர்மியபிலிட்டி, பாறை எண்ணெயை விடும் தாராளம்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். டெஸ்ட் நமக்குத் தந்தது 1412 மட்டும்தான், அந்த 35.3-க்குள் 40 என்கிற இன்னொருவர் எண் ஒளிந்திருக்கிறது. வெல் லாக் (கிணற்றுப் பாறைப் பதிவு) பார்த்த ஜியாலஜிஸ்ட் நாளைக்கு வந்து, "சார், நிகரத் தடிமன் 25 அடிதான்" என்றால் பெர்மியபிலிட்டி 56.5 ஆகிவிடும், வளைகோட்டில் ஒரு புள்ளிகூட நகராது. ரிப்போர்ட்டில் எப்போதும் பெருக்குத்தொகையை, அதாவது அந்த 1412-ஐ, முதலில் எழுதுங்கள்.

அடுத்து ஸ்கின். பொரோசிட்டி (பாறையில் வெற்றிடத்தின் பங்கு) 0.18, மொத்த அமுக்கத்தன்மை பிஎஸ்ஐ-க்கு 0.000015, கிணற்று ஆரம் 0.354 அடி, மூடி ஒரு மணி நேரத்தில் அழுத்தம் 680 பிஎஸ்ஐ ஏறியிருக்கிறது. 25-ஐ 2.303-ஆல் பெருக்கினால் ஹார்னர் சாய்வு 57.6. பாடப்புத்தகத்தில் இருக்கும் ஸ்கின் சூத்திரத்தில் இவற்றைப் போட்டால் சுமார் 8 வரும். இந்தக் கிணற்றில் ஒரு ஸ்கின்னுக்கு 50 பிஎஸ்ஐ, ஆக 400 பிஎஸ்ஐ அழுத்தத்தைக் கிணற்று வாயில் இருக்கும் அடைப்பே தின்கிறது. டிரில்லிங் சேறு உள்ளே இறங்கியதா, துளை போட்டது பத்தவில்லையா என்று அப்போது விசாரிக்கலாம், அமிலம் ஊற்றிப் பார்க்கலாமா என்று பேச்சு ஆரம்பிக்கலாம். இந்த ஒரு கணக்கைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் போடுகிற அளவுக்குப் பழகுங்கள்.

எவ்வளவு நேரம் மூடி வைக்க வேண்டும்?

எவ்வளவு தூரம் பார்க்க வேண்டும் என்பதைப் பொறுத்தது. மேலே உள்ள அதே எண்களுக்கு 24 மணி நேரத்தில் சுமார் 640 அடி வரை தெரியும். 1280 அடி தெரிய வேண்டும் என்றால் 48 மணி நேரம் போதாது, 96 வேண்டும், தூரம் நேரத்தின் வர்க்கமூலத்தில்தான் வளர்கிறது. உற்பத்தி மேனேஜர் மூடி வைக்கச் சம்மதிக்கும் நேரத்துக்கும் இந்தக் கணக்குக்கும் எப்போதும் தகராறுதான்.

சாஃப்ட்வேரே மேட்ச் பண்ணித் தருகிறதே, நமக்கு என்ன வேலை?

இதுதான் அதிகம் வரும் கேள்வி, இதற்குத்தான் நான் அதிகம் எரிச்சலாகவும் பதில் சொல்வேன், மன்னிக்கவும். ஆட்டோமேட்டிக் மேட்ச் எந்த மாடலையும் எந்த வளைகோட்டிலும் பொருத்திக் காட்டும். ஒரே வளைகோட்டுக்கு நாலு மாடல் பொருந்தும். கோடு புள்ளிகளின் மேல் படிந்துவிட்டது என்பதால் மாடல் சரி என்று ஆகிவிடாது.

என் கதையையே சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஒரு கிணற்றில் டெரிவேட்டிவ் கடைசியில் கீழே சரிந்தது. மென்பொருளில் கான்ஸ்டன்ட் பிரஷர் எல்லை என்று ஒரு தெரிவு இருந்தது, தட்டினேன், அற்புதமாகப் பொருந்தியது. பக்கத்தில் நீர்ப்படுகை தாங்குகிறது என்று ரிப்போர்ட் எழுதி, நீல நிறத்தில் அம்புக்குறி எல்லாம் போட்டு அனுப்பினேன். ஒரு வாரம் கழித்து சீனியர் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தம்பி, கேஜை எப்படி இறக்கினாங்க?"

கேஜ் இறக்குவதற்காக அந்தக் கிணற்றை ஒரு நாள் மூடியிருந்தார்கள். பிறகு எட்டு மணி நேரம் மட்டும் ஓட்டிவிட்டு பில்டப்புக்காக மறுபடி மூடினார்கள். எனக்கு வந்த தாளில் மாதச் சராசரி ரேட் (நாளுக்கு எத்தனை பீப்பாய் ஓடியது) ஒன்றுதான் இருந்தது, நானும் அதையே நேர்கோடாகப் போட்டுவிட்டேன். நீங்களே செய்து பாருங்கள்: மேலே உள்ள கிணற்றை நீண்ட காலம் 500 பீப்பாயில் ஓட்டி, 24 மணி மூடி, 8 மணி ஓட்டி, பிறகு மூடுங்கள். அந்த 24 மணி மூடலை மறந்துவிட்டுக் கணக்குப் போட்டால், 16-வது மணி நேரத்தில் டெரிவேட்டிவ் 25-ல் நிற்பதற்குப் பதில் 17 பக்கம் வந்து நிற்கும். நீர்ப்படுகையும் இல்லை ஒன்றும் இல்லை, என் தாளில் ஒரு வரி விட்டுப் போயிருந்தது. நீல அம்பை இன்றும் அந்த சீனியர் கிண்டல் செய்வார்.

அதனால் என்னிடம் வருகிறவர்களுக்கு முதல் இரண்டு வாரம் மாடலே கிடையாது. ரேட் வரலாறு முழுதாக இருக்கிறதா, கேஜின் கடிகாரமும் மேலே ரேட் எழுதியவரின் கடிகாரமும் ஒத்துப் போகிறதா, மூடிய நொடி எது என்பதை மட்டும் பார்க்கச் சொல்வேன். மூடிய நேரத்தை அரை நிமிடம் தள்ளிப் பிடித்தால்கூட ஆரம்பத்தின் சாய்வு 1 கோணிப் போய்விடும். கடலில் உள்ள கிணறு என்றால் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒரு முறை அலை அடிக்கிறதா பாருங்கள், ஓதம் கேஜ் வரை கேட்கும். அழுத்தம் வளிமண்டலத்தைச் சேர்த்ததா சேர்க்காததா என்பதையும் கேளுங்கள், 14.7 பிஎஸ்ஐ வித்தியாசத்தில் சண்டை போட்ட கூட்டங்களில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

டூயல் பொரோசிட்டி என்றால் என்ன, நம் ஊரில் அதற்கு வேலை உண்டா?

உண்டு. மறுபடி போர்வெல்லுக்கே வருவோம். திருவான்மியூரிலிருந்து தெற்கே கடலோரம் மணல், தண்ணீர் எல்லாப் பக்கமிருந்தும் சீராக வரும், டெரிவேட்டிவ் தட்டையாக ஓடும் ஊர் அது. பல்லாவரம் பக்கம் போனால் அடியில் சார்னோகைட் பாறை, கல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை வைத்து ஹாலந்து 1893-ல் விவரித்த அதே கல். அந்தப் பாறைக்குள் தண்ணீர் கிடையாது, விரிசலில்தான் உண்டு. போர் போட்ட அன்று பீய்ச்சி அடிக்கும், வீட்டுக்காரர் தேங்காய் உடைப்பார், அடுத்த கோடையில் காற்று வரும். விரிசல் சீக்கிரம் காலியாகிவிடும், அதை நிரப்ப ஆள் இல்லை.

எண்ணெயில் இதே அமைப்பு, ஆனால் விரிசலுக்குப் பின்னால் பாறையும் மெதுவாக எண்ணெய் தருமானால் அதுதான் டூயல் பொரோசிட்டி. விரிசல் முதலில் தருகிறது, பிறகு பாறை கைகொடுக்கிறது, அந்த இடைவெளியில் டெரிவேட்டிவ் ஒரு பள்ளமாக இறங்கி ஏறும். காவிரிப் படுகையில் மாதானம் பகுதியில் அடிப்பாறை விரிசல்களிலேயே எண்ணெய் கிடைத்திருக்கிறது, அதனால் இது நமக்குப் பாடப்புத்தக விஷயம் மட்டும் இல்லை. ஒன்று மட்டும்: எல்லாப் பள்ளமும் டூயல் பொரோசிட்டி ஆகாது. முன்னே சொன்ன கேஸ் திமில் முடிந்து இறங்கும் இடமும் பார்வைக்கு இதே மாதிரித்தான் இருக்கும்.

கேஸ் கிணற்றுக்கும் இதே முறையா?

அடிப்படை அதே. கேஸின் பிசுக்குமையும் அமுக்கத்தன்மையும் அழுத்தத்தோடு மாறுவதால் அழுத்தத்துக்குப் பதில் அந்த மாற்றங்களையும் சேர்த்துக் கணக்கிட்ட சூடோபிரஷர் போடுவோம், 1966-ல் அல்-ஹுசைனி, ரேமி, கிராஃபோர்டு மூவரும் தந்த வழி. கேஸ் வேகமாக ஓடும்போது ஸ்கின்னும் ரேட்டோடு சேர்ந்து ஏறும், அதனால் ஒரே ரேட்டில் எடுத்த ஸ்கின்னை நம்பி அமிலம் ஊற்றக் கிளம்பாதீர்கள். மூன்று நான்கு ரேட்டில் ஓட்டிப் பார்த்தால் எது உண்மையான அடைப்பு, எது வேகத்தின் கூலி என்று பிரித்துவிடலாம்.

பைத்தான் தெரிய வேண்டுமா?

தெரிந்தால் நல்லது. பைத்தானின் சைபை தொகுப்பில் exp1 என்ற செயல்கூறு இருக்கிறது, தைஸ் தீர்வு ஒரே வரியில் முடிந்துவிடும். ஸ்டோரேஜும் ஸ்கின்னும் சேர்ந்தால் லாப்லாஸ் உருமாற்றத்துக்குள் போய்த் திரும்பி வர வேண்டும், அதற்கு 1970-ல் ஸ்டெஃபெஸ்ட் தந்த சிறிய வழிமுறை போதும், இருபது வரி நிரல். அதில் N என்கிற எண்ணை 8 அல்லது 12 வையுங்கள். கூட்டினால் துல்லியம் கூடும் என்று 30 போட்டால் தசம இலக்கங்கள் பத்தாமல் விடை கன்னாபின்னாவென்று ஆடும். அதிக இலக்கங்களில் கணக்கிடும் எம்பிமேத் தொகுப்பு இருந்தால் அந்தத் தொல்லை குறையும், வேகமும் குறையும்.

பழக டேட்டா எங்கே கிடைக்கும்?

ஈக்வினார் நிறுவனம் 2018-ல் நார்வேயின் வோல்வே எண்ணெய் வயலின் தரவுகளைப் பொதுவில் விட்டது. ஆனால் அதன் உற்பத்தித் தாளில் அழுத்தம் நாளுக்கு ஒரு சராசரி எண்தான், நீண்ட கால உற்பத்திப் பகுப்பாய்வுக்கு ஆகும், பில்டப் ஆரம்பத்தைப் படிக்க உதவாது. இந்தியாவில் 2017-லிருந்து நேஷனல் டேட்டா ரிபாசிட்டரி (எண்ணெய், கேஸ் தரவுகளின் அரசுக் களஞ்சியம்) இருக்கிறது, அது மாணவர் பழகுவதற்கான கடை கிடையாது. என் யோசனை: நீங்களே டேட்டா தயாரியுங்கள். பெர்மியபிலிட்டி, ஸ்கின் எல்லாம் தெரிந்த ஒரு கிணற்றை உருவாக்கி, அதில் 0.5 பிஎஸ்ஐ இரைச்சலைச் சேர்த்து, ஒரு ரேட்டை வேண்டுமென்றே அழித்து, நண்பரிடம் கொடுங்கள், அவர் செய்ததை நீங்கள் வாங்குங்கள். எங்கள் சனிக்கிழமைக் குழுவில் இதற்கு டீ பந்தயம் உண்டு, இதுவரை அதிகம் டீ வாங்கிக் கொடுத்தவன் நான்.

இன்டர்வியூவில் என்ன கேட்பார்கள்?

ஒரு லாக்-லாக் தாளைக் கையில் தருவார்கள், என்ன மாடல் என்று கேட்பார்கள். மாடல் பெயரைச் சொல்ல அவசரப்படாதீர்கள். கேள்வி கேட்கும் பக்கம் நான் உட்கார்ந்திருந்தால், "சார், இதுக்கு ரேட் தாள் இருக்கா?" என்று முதலில் திருப்பிக் கேட்கிறவருக்குத்தான் அடுத்த தாளைக் கொடுப்பேன்.